வெல்டா ஹெஸ்ஸின் மஞ்சள் விளக்கு

வெல்டா ஹெஸ்ஸின் வெள்ளை பிக்கப் வண்டி ஏற்றாத கட்டில் அந்த யூட்டா மாநிலப் பள்ளத்தாக்கில் இல்லை, பியானோவும் இல்லை. யாராவது வீடு மாறினாலோ குதிரைக்கு வைக்கோல் வாங்கினாலோ முதல் போன் அவருக்குத்தான் வரும். சாவி கதவருகே ஆணியில் தொங்கும்.

அறுபதைத் தாண்டிய வெல்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பேச்சு குறைவு. கணவர் போன பிறகு இன்னும் குறைவு. சாவி வாங்க வருகிறவர்கள் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பேசுவார்கள். திருப்பிக் கொடுக்க வரும்போது இன்னும் கொஞ்ச நேரம். அவருடைய வாரம் அந்தக் கொஞ்ச நேரங்களால் ஆனது.

அந்த வண்டியில்தான் கோடையில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ‘செக் எஞ்சின்’ என்ற மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்தது. விளக்கு எரிந்தால் மாசுப் பரிசோதனையில் தேறாது. தேறாவிட்டால் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. செப்டம்பர் கடைசி கெடு.

"அம்மா, அதுக்கு மேல செலவு பண்ணாதீங்க," என்றான் நகரத்தில் இருக்கும் மகன் டிரென்ட். "பாஸ் ஆகலேன்னா பழைய இரும்புக்குப் போட்டுடலாம். நான் ஒரு சின்ன கார் வாங்கித் தரேன்."

"சின்ன கார்ல யாரோட சோபாவ ஏத்துறது?"

"அதான் நானும் சொல்றேன். இனி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். வெல்டா ஆணியிலிருந்து சாவியை எடுத்தார்.

வண்டியை ரூலன் வாட்மனின் பட்டறைக்கு ஓட்டிப் போனார். ரூலன் அவருடைய சித்தப்பா மகன். வாய் ஓயாதவன்.

"பெட்ரோல் மூடிதான். எல்லாருக்கும் மூடிதான்," என்று புது மூடி போட்டு விளக்கை அணைத்து அனுப்பினான். இரண்டு வாரத்தில் விளக்கு திரும்ப வந்தது.

இந்த முறை கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு ரூலன் தலையைச் சொறிந்தான். "பெட்ரோல் ஆவி போற வழியில ஏதோ கோளாறு. டேங்க்ல எழும்புற ஆவிய வெளிய விடக் கூடாதுல்ல? அதுக்குன்னு ஒரு கரி டப்பா இருக்கு. ஆவிய அது குடிச்சு வச்சுக்கும். அப்புறம் எஞ்சின் அத உறிஞ்சி எரிச்சுடும். இந்த வழியில ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாக்கூட வண்டிக்குத் தெரிஞ்சுடும்."

"எப்படித் தெரியும்?"

"எல்லா வாசலையும் மூடிட்டுக் காத்திருக்கும். உள்ள அழுத்தம் மாறுதான்னு பாக்கும்."

"மூச்சப் பிடிச்சுக்கிட்டா?"

"அப்படித்தான் வச்சுக்கயேன். நீ பாட்டுக்கு ரேடியோ கேட்டு ஓட்டிக்கிட்டிருப்ப. அது பாட்டுக்குச் சோதிச்சுக்கிட்டிருக்கும்."

வெல்டா வண்டியின் மூக்கைப் பார்த்தார். இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார். தன் காலடியில் இப்படி ஒரு கவனம் விழித்திருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. துருப்பிடித்த பம்பரும் உள்வாங்கிய கதவும் கொண்ட அந்தக் கிழட்டு வண்டியின் முன்னால் குரலைத் தாழ்த்த வேண்டும் போலிருந்தது.

ரூலன் குழாயில் வெள்ளைப் புகையை ஏற்றினான். ஓட்டை இருக்கும் இடத்தில் நூல் போலப் புகை எழும். இருவரும் டார்ச்சோடு குனிந்து தேடினார்கள். எங்கேயும் எழவில்லை.

"சுத்தமா இருக்கே! பின்ன எதுக்குடா எரியிற?" என்று வண்டியையே கேட்டான் ரூலன்.

"நான் பெட்ரோல் போட்டா எரியிறதில்ல," என்றார் வெல்டா மெதுவாக. "யாராவது வாங்கிட்டுப் போய்க் கொண்டுவந்து விட்டாத்தான். அப்போ ஸ்டார்ட் பண்ணினா இருமும்."

ரூலன் நிமிர்ந்தான். வண்டிக்கடியில் படுத்தான். சற்று நேரத்தில் கரி அடைத்த கறுப்புப் பெட்டி ஒன்றோடு வெளியே வந்து அவர் கையில் கொடுத்தான். "பிடி. காலி ரொட்டி டப்பா மாதிரி இருக்கணும்."

பிறந்த குழந்தையின் கனம் இருந்தது. சாய்த்ததும் கரி கலந்த பெட்ரோல் தட்டில் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.

"ஆவியக் குடிக்க வேண்டிய கரி பெட்ரோல்ல முங்கிக் கெடக்கு. டேங்க் நிறைஞ்சு பம்ப் தானா டக்குன்னு நின்ன பிறகும் விடாம ஊத்தியிருக்காங்க."

வெல்டாவுக்குப் புரிந்துவிட்டது. இரவல் வாங்கிய வண்டியை டேங்க் நிரப்பித்தான் திருப்பித் தருவார்கள் அங்கே. டக் என்ற சத்தத்தோடு நிறுத்துவது கஞ்சத்தனம். டோங்கா தீவிலிருந்து வந்து வெல்டாவின் சபையில் சேர்ந்த சியோனே டுய்ஃபுவா அதை ஒரு கலையாகவே செய்வார். "வண்டிய ஆட்டி ஆட்டி ஊத்தினேன் சிஸ்டர்! காத்து வெளிய போனா இன்னும் ஒரு மடக்கு பிடிக்கும்!" என்று போன மாதம்கூடப் பெருமையாகச் சொன்னார்.

"எவன்டா இப்படி ஊத்தினவன்?" என்று தொடங்கிய ரூலன் சட்டென்று நிறுத்தினான். காது சிவந்தது. "மே மாசம் நானும்தான்."

"நீயுமா? மெக்கானிக்கு!"

"உன் வண்டியாச்சே. குறைச்சுக் குடுக்க மனசு வரல."

வெல்டா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பியானோ ஏற்றியவர், தொட்டில் கொண்டுபோனவர், வைக்கோல் லோடு அடித்தவர். ஒவ்வொருவரும் போதும் என்று பம்ப் சொன்ன பிறகும் வெல்டாவுக்காக இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். ஒருவரும் அதைப் பற்றி மற்றவரிடம் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் இந்தப் பெட்டியில் வந்து சேர்ந்திருந்தது. பெட்ரோல் நெடியில் கண் எரிந்தது. அவர் விலகவில்லை.

உடைசல் கடையிலிருந்து வேறு பெட்டி வாங்கி மாட்டினான் ரூலன். "இனி வண்டியில இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாத்தையும் தானா சோதிச்சு முடிக்கணும். சில நாள் ஓடட்டும். அதுக்குள்ள எவனாவது கழுத்து வரைக்கும் ஊத்தினா மறுபடி முதல்லேர்ந்துதான்."

"திங்கட்கிழமை சியோனே எடுத்துட்டுப் போறாரு. மக வீடு மாறுறா."

"ஊத்தாதேன்னு சொல்லு."

"அவர்கிட்ட மட்டும் சொன்னா குத்தம் முழுக்க அவர் தலையில விழுமே."

மறுநாள் செப்டம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு. உபவாசம் இருந்து தேவாலயத்துக்கு வந்தவர்களில் விருப்பமுள்ளவர் எழுந்து போய், தன் விசுவாச அனுபவத்தை மைக்கில் சாட்சியாகச் சொல்லும் நாள். கணவரின் அடக்கத்துக்குப் பிறகு வெல்டா அந்த மைக் பக்கம் போனதில்லை. அன்று எழுந்தார். அவர் முன்னால் நடப்பதைப் பார்த்ததும், அழுதுகொண்டிருந்த குழந்தைகூட அடங்கியதுபோல் இருந்தது.

"என் பிக்கப்புக்கு வியாதின்னு நெனச்சேன். வியாதி இல்ல. உங்க நன்றிதான் அதுக்குத் தாங்கல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பம்ப் டக்குன்னு நின்னா நீங்களும் நிறுத்திடுங்க. தயவுசெஞ்சு யாரும் வண்டிய ஆட்டாதீங்க."

சியோனேயின் சிரிப்பு மண்டபத்தை அதிர வைத்தது. பின்வரிசையிலிருந்து ரூலன் தானாகவே கையைத் தூக்கினான். அவனைத் தொடர்ந்து இன்னொரு கை, இன்னும் இரண்டு. வெல்டா மைக்கைப் பிடித்துக்கொண்டார். எண்ணவில்லை. எண்ணினால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது.

"இன்னும் நன்றி மிச்சம் இருந்தா," என்றார், "எங்க வீட்டு வாசல்ல உக்காந்து சொல்லுங்க. நாற்காலி இருக்கு."

திங்கள் மாலை சியோனே சாவியைக் கொண்டுவந்தார். கையில் பெரிய தர்பூசணி. முகத்தில் குற்ற உணர்ச்சி. "டக்குன்னதும் நிறுத்திட்டேன் சிஸ்டர். என்னமோ திருடின மாதிரியே இருக்கு."

"உக்காருங்க," என்றார் வெல்டா.

இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். மகளின் புது வீட்டில் சோபா கதவுக்குள் நுழையாமல் ஜன்னல் வழியாகப் போன கதையை இரண்டு முறை சொன்னார்.

வார முடிவில் மாசுப் பரிசோதனைக்குக் கிளம்பிய வெல்டா சாவியைத் திருப்பினார். எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. எஞ்சின் இருமாமல் பிடித்தது. எஞ்சின் ஆயில் விளக்கு அணைந்தது. பேட்டரி விளக்கு அணைந்தது. மஞ்சள் மட்டும் ஒரு கணம் நின்றது. வெல்டா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அதுவும் அணைந்தது.