சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்தது யார்?

போன வருஷம் கோடைக்காலம். கரிக்கலாம்பாக்கத்தில் நாங்கள் புதிதாகக் குடிவந்த வீட்டில் நடந்தது இது. அரியாங்குப்பம் பக்கம் பைக்கிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டோடு கிடந்தேன். மனைவி வேலைக்குக் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை நானும் ஃபேனும்தான்.

பொழுது போகட்டும் என்று அவள் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். ஒரு பெண்மணி தன் கதையைத் தானே எழுதியது. பெண்ணுரிமை சமாசாரம் என்றதுமே எனக்குக் கொட்டாவி வந்தது. காலும் உடைந்து, ஆம்பளைகளுக்கு விழும் திட்டையும் நான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமா என்றேன். "படிச்சுப் பாருங்க. சிரிச்சு உருண்டு இன்னொரு காலையும் ஒடச்சிக்கப் போறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். பள்ளிக்கூடத்துப் பழக்கம்.

எங்களுடையது இரட்டை வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். அவர்களுக்கு வில்லியனூரில் துணிக்கடை. காலையில் எல்லோரும் காரில் கிளம்பிவிடுவார்கள், கேட்டில் பூட்டுத் தொங்கும். பின்னால் கொஞ்சம் வயல், முன்னால் முள்மண்டிய காலி மனைகள். உச்சி வெயிலில் ஆள் நடமாட்டமே இருக்காது.

அன்றைக்கு மத்தியானம் கரண்ட் போய் ஃபேன் நின்றது. நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்தவர், பஜ்ஜியில் உப்பில்லை என்று சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்த இடத்தில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த பக்கம் வேறு மாதிரி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் சூடான தோசை தின்றதே இல்லையாம். வீட்டில் யாருமில்லாத ஒருநாள் தனக்கென்று ஒன்று சுட்டு, பழக்கதோஷத்தில் அது ஆறும்வரை காத்திருந்து, நின்றுகொண்டே தின்றாராம். ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே அந்த இடத்தை இன்னொரு தடவை படித்தேன்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சிரித்தாள்.

வெகுநேரம் அடக்கிவைத்த மூச்சை விட்டது போல இருந்தது அந்தச் சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரு என்று குரல் கொடுத்தேன். சட்டென்று நின்றுவிட்டது. நொண்டிக்கொண்டே போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கேட்டில் பூட்டு அப்படியே தொங்கியது.

மனைவியிடம் சொன்னபோது மாத்திரை மயக்கம் என்றாள். மறுநாள் வேண்டுமென்றே படித்துப் பார்த்தேன். மறுபடியும் சிரிப்பு. நான் சிரித்த இடங்களில் சுவர் கம்மென்று இருந்தது. நான் பரிதாபப்பட்ட இடங்களில்தான் அது சிரித்தது. பூட்டிய வீட்டுக்குள் என்னவோ இருந்துகொண்டு, என்னைவிட நன்றாக இந்தப் புத்தகத்தைப் புரிந்துகொள்கிறதே என்று நினைத்ததும் பயந்துபோய் ஜன்னலைச் சாத்திவைத்தேன். ஆனாலும் மத்தியானம் ஆனால் கை தானாகப் புத்தகத்துக்குப் போனது.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. முகம் வெளிறிக் கிடந்தது.

"அண்ணே, மத்தியானத்துல எங்க வூட்டுலேர்ந்து யாருனா சிரிக்கிற மாதிரி கேட்டுச்சா?"

ஆமாம் என்றேன். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகுதான் எல்லாம் தெரிந்தது. காலம் கெட்டுக் கிடக்கிறது என்று அவன் பெண்டாட்டியை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கடைக்குப் போகிறார்களாம். அன்றைக்கு ஏதோ எடுக்க வீட்டுக்கு வந்தவன், அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறான். டிவி ஓடவில்லை, கையில் போனும் இல்லை. நான் அப்போதுதான் படித்து நிறுத்தியிருப்பேன் போல. உச்சி வேளையில் என்னவோ பிடித்துக்கொண்டது என்று அவன் அம்மா முடிவு கட்டிவிட்டார். அமாவாசைக்குப் பூசாரி வருகிறார், சாட்டையால் அடித்து ஓட்டுவார் என்றான். "நீங்களும் கேட்டேன்னு எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

 பேய்க்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறான், அந்தப் பேய்க்குத் தினமும் கதை படித்துக் காட்டியதே நான்தான். உண்மையைச் சொன்னால், பூட்டிய வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அடுத்த வீட்டு ஆம்பளை சுவர் வழியாகப் படித்துக் காட்டினான் என்றாகும். பூசாரியின் அடி தப்பி, அவளுக்கு வேறு அடி விழலாம். சொல்லாவிட்டால் சாட்டை. மனைவியைப் பார்த்தேன். அவள் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்து, தோளைக் கொடுத்து என்னை எழுப்பினாள்.

பக்கத்து வீட்டுக் கூடத்தில் அந்தப் பெண் சுவரோரமாகத் தலை குனிந்து நின்றாள். நான் நடந்ததைச் சொல்லி முடித்தேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா தம்பி அப்படிப் படிச்சீங்க? இங்க படிங்க, நானும் கேக்கறேன்."

இன்னும் படிக்காத பக்கத்தைப் புரட்டிப் படித்தேன். எழுதியவரின் மாமியார் இறந்துபோகிறார். மாலை போட ஒரு படம் தேடுகிறார்கள். அவர் தனியாக நிற்கிற படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு கல்யாண குரூப் போட்டோவில் சாம்பார் வாளியோடு ஓரமாக நின்றவரை வெட்டியெடுத்துப் பெரிதாக்கி மாட்டுகிறார்கள். வாளியை வெட்ட முடியவில்லை. கும்பிடும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா என்று கேட்பது போலவே இருக்கிறதாம்.

 அந்தப் பெண் அசையவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

சிரித்தது மாமியார். அதே சிரிப்பு. அடக்கி அடக்கி வைத்த மூச்சு வெளியே வருகிற மாதிரி. அவர் சிரிக்கச் சிரிக்க மருமகளும் சிரித்தாள், என் மனைவியும் சிரித்தாள். மூன்று பேரும் ஒரே குரலில் சிரித்தார்கள். நானும் அந்தப் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். என் முதுகு சில்லிட்டுப் போயிருந்தது.

பூசாரி வரவில்லை. கேட்டில் பகலில் பூட்டுத் தொங்குவதும் நின்றது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கி வைத்துக்கொண்ட புத்தகம் மட்டும் இன்னும் எங்களுக்குத் திரும்பி வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது பேய் என்று நினைத்துப் பயந்தேன். அது என் வீட்டிலும் இருக்கிற சிரிப்புதான் என்று தெரிந்தபோது வந்த பயம், இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.