திறக்கும் முன் ஒரு சீட்டு

லிஃப்டைப் பழுதுபார்க்க வருகிறவர், கருவிப்பையைத் திறப்பதற்கு முன் எங்களுக்கு ஆளுக்கொரு காகிதத் துண்டைக் கொடுத்துவிடுவார். லிஃப்டில் என்ன கோளாறு என்று நினைக்கிறோமோ அதை எழுதி, கீழே கையெழுத்தும் போட வேண்டும். “முதல்ல எழுதுங்க. அப்புறம் திறப்போம்.” தன் ஊகத்தையும் எழுதிச் சேர்த்து எல்லாவற்றையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் அவற்றை லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்.

எங்கள் கட்டடத்தில் அவருக்குச் சீட்டுக்காரர் என்று பெயர். சீட்டுப் பணத்தோடு ஓடிப்போகிற ரகம் அல்ல. ஐம்பதைத் தாண்டிய லிஃப்ட் மெக்கானிக். கதவில் காதை வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி சத்தம் கேட்பார். கையைத் துடைத்தால் விரல் விரலாகத் துடைப்பார். அவரை அவசரப்படுத்தி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

எதற்கு இந்தச் சீட்டு என்று ஒருமுறை கேட்டேன். “திறந்த பிறகு கேட்டா, ‘நான் அப்பவே சொன்னேன்’னு எல்லாரும் சொல்லுவாங்க சார். நானும்தான்.” ஒட்டிய சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து எங்கள் வாய் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. மூன்றாம் மாடி அம்மா, மகன் தாமதமாக வந்தால் காரணத்தை ஊகித்து எழுதி வைத்துவிட்டுத்தான் இப்போது கதவைத் திறக்கிறாராம். இதுவரை ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. திட்டு பாதியாகக் குறைந்துவிட்டது.

அவர் சீட்டு மட்டும் பெரும்பாலும் சரியாக இருக்கும். பாராட்டினால் முகம் சுண்டிவிடும். முன்பு வேறொரு கட்டடத்தில், சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் கதவுக் கோளாறுதான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாராம். “திரும்பி வந்தப்ப வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னுது.”

போன வாரம் ஒரு காலை, ஐந்தாம் மாடியைத் தாண்டும்போது லிஃப்ட் உதறத் தொடங்கியது. நாங்கள் ஏழாம் மாடி. என் மனைவிக்கு இதய அறுவை முடிந்து பன்னிரண்டு நாள். படி இறங்கக் கூடாது. அன்றே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். எங்கோ கயிறு அறுந்து லிஃப்ட் விழும் வீடியோ முந்தின நாள்தான் எல்லார் போனிலும் சுற்றியிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அதேதான்: அவர் வந்து எழுதச் சொன்னபோது எங்கள் ஆறு பேர் சீட்டிலும் கயிறு.

கயிறு கல் மாதிரி இருந்தது. லிஃப்ட் ஓடும் தண்டவாளம் காய்ந்திருக்கும் என்று அவர் எழுதியிருந்தார். அப்படியே காய்ந்திருந்தது. எண்ணெய் விட்டதும் உதறல் நின்றது. நான் மனைவியை நாற்காலியோடு லிஃப்ட் வாசலுக்குக் கொண்டுவந்தேன்.

அவர் வழி விடவில்லை. “நான் நெனச்சதே கெடச்சிடுச்சு. அதான் பயமா இருக்கு. இன்னொரு தடவை எல்லாத்தையும் பாத்துடறேன்.” கட்டடச் செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். எனக்கும் கோபம்தான், மறைக்கவில்லை. “பாக்கட்டுங்க,” என்றாள் என் மனைவி. அவர் மொட்டைமாடி அறைக்கு ஏறிப் போனார். தலைக்கு மேலே இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கீழே வந்தார். லிஃப்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக், தாள் கனத்துக்குத் தேய்ந்திருக்கிறதாம். இன்னும் எத்தனை தடவை தாங்கியிருக்கும் என்று தனக்குத் தெரியாது என்றார். அவர் நாற்காலிக்கு முன்னால் குந்தி அதன் முன்கால்களைப் பிடித்தார்.

“படியில கீழ்ப்பக்கம் நான் வரேம்மா. நீங்க சாஞ்சு உக்காருங்க.”

நான் பின்பக்கம் பிடித்தேன். தூக்கப்போகும் நேரத்தில் அவர் கைகளை எடுத்துவிட்டார். அவற்றை விரல் விரலாகத் துடைத்துவிட்டு, மறுபடி பிடித்தார்.