கோழிக்கூடு வள்ளமான நாள்

தாராபுரத்துக்கு அப்பால், எங்கள் தீவின் தென்கரையில் காற்றாலைகள் எழுந்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஒழுங்கை வீடுகளில் அவற்றை என்னளவு விரும்பியவர் யாருமில்லை. மாமா அங்கே காவல் வேலை பார்த்தார் என்பதால், அவை பாதி எங்களுக்குச் சொந்தம் என்றுகூடப் பள்ளியில் சொல்லித் திரிந்தேன்.

உம்மாவுக்கு அவற்றை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. காற்றாலைகளுக்காக மண் கொட்டி உயர்த்திய பாதை, மழைவெள்ளம் கடலுக்குப் போகும் வழியை மறித்துவிட்டது. மாரி தொடங்கினால் எங்கள் முற்றத்தில் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். கோழிக்கூட்டை, உட்காரும் கதிரைகள் இரண்டின் மேல் ஏற்றி வைப்போம். உம்மா கடிதம் எழுதினார், அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். முதலில் கூடப் போன அயல்வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக அலுத்துப்போய் நின்றுவிட்டார்கள். வாப்பா வள்ளத்தில் கடலுக்குப் போய் வந்து உறங்குவார்.

மூன்றாவது மாரியில் பள்ளி மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். முதலில் சித்திரப் போட்டிப் பரிசளிப்பு, பிறகு மக்கள் குறைகேட்பு. போட்டிக்கான தாளை எனக்குக் கொண்டுவந்து தந்தவர் மாமாதான். எனக்கு முதற் பரிசு.

மேடைக்குப் போனேன். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி, நல்ல தமிழ் பேசுபவர், என் படத்தை உயர்த்திப் பிடித்தார். மூன்று காற்றாடிகள், ஓர் ஓட்டு வீடு, சுற்றிலும் நீலம், நீலத்தில் ஒரு பழுப்புப் பெட்டி.

"கடலை எவ்வளவு வடிவாக் கீறியிருக்கிறா, பாருங்கோ! இது வள்ளமா மகள்?"

அது எங்கள் கோழிக்கூடு. நீலம் எங்கள் முற்றம். ஆனால் மேசையில் பளபளவென்று ஒரு புத்தகப்பை இருந்தது. வள்ளம் இல்லை என்று சொன்னால் அதைத் தரமாட்டார்களோ என்று பயந்தேன்.

"ஓம் சேர், வள்ளம்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் சீருடையோடு நின்ற மாமா மட்டும் தட்டவில்லை.

கடைசியாக உம்மாவின் முறை வந்தது.

"காத்தாடி வேணாமெண்டு நான் சொல்லேல்ல சேர். எங்களுக்கும் கரண்ட் வேணும்தான். றோட்டுக்குக் கீழால தண்ணி போக ஒரு மதகு வச்சுத் தாங்கோ. வந்து பாருங்கோ, நடந்து போற தூரம்தான்."

"இண்டைக்கு நேரமில்லை அம்மா. போட்டோ ஏதும் இருக்கா?"

"முந்தி இருந்த சேரிட்டக் குடுத்தனாங்கள். அவர் மாறிப் போயிட்டார்."

"அது எனக்குத் தெரியாதே. இப்ப கையில என்ன இருக்கு?"

உம்மா மேடையைப் பார்த்தார். படம் அங்கேதான் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பிறகு முன்வரிசையில் பையை மடியில் வைத்திருந்த என்னைப் பார்த்தார். வாய் திறந்தது போலத்தான் இருந்தது.

"ஒண்டுமில்லை சேர்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அந்த மாரியிலும் தண்ணீர் வடியவில்லை. அடுத்ததிலும் இல்லை. பிறகு ஒரு மதகு வைத்தார்கள். சிறியது, ஒரே மழையில் மண் மூடிவிட்டது. உம்மா மறுபடியும் கடிதம் எழுதத் தொடங்கினார்.

அன்று கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். பை நனையாமல் உம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். அவருக்கும் பை பிடித்திருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"ஏன் உம்மா பேசாம இருந்துட்டீங்க?" என்று கேட்டேன்.

"கால் உளைஞ்சது மகள்."

காலையிலிருந்து நின்றவர், உளைந்திருக்கும்தான் என்று நான் நம்பினேன். வீட்டுக்குப் போனதும் தைலம் எடுத்து, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, இரண்டு காலுக்கும் தேய்த்துவிட்டேன்.