பசியை மறைத்து ஊசி குத்திக்கொண்ட கதை

போன வருடம் பூண்டு நடவு முடிந்த கையோடு என் வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. தலை சீவக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. தைலம், ஒத்தடம் எல்லாம் பார்த்தாயிற்று. அடுத்து களையெடுப்பு வருகிறதே என்று புலம்பித் தள்ளிய என்னை, கொடைக்கானலில் ஒரு அக்குபஞ்சர் டாக்டரிடம் கூட்டிப்போனார் என் கணவர்.

எங்கள் கவுஞ்சியிலிருந்து கொடைக்கானலுக்குப் போகிற ரோட்டில், வளைவுக்கு வளைவு என் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் பஸ் ஏறுகிற நாளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். அன்றும் அப்படித்தான் கிளம்பினேன்.

டாக்டரம்மா தங்கமான மனுஷி. ஊசியை எடுப்பதற்கு முன்னால், "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் கேட்கிற கேள்விதானே. பசி காதை அடைத்தாலும் ஆச்சு என்று சொல்லித்தானே வளர்ந்திருக்கிறோம். "ஆச்சுங்க" என்றேன். என்ன குழம்பு என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

ஸ்டூலில் உட்காரவைத்துத் தோளிலும் கையிலும் ஊசிகளைச் சொருகினார். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. இவ்வளவுதானா என்று எதிரே நின்ற கணவரைப் பார்த்து அலட்சியமாகச் சிரித்தேன். அவர் முகம் என் கண்ணுக்கு மெல்ல மங்கியது. அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஏதோ உயிர் நரம்பில் ஊசி பட்டுவிட்டது, பிள்ளைகளைப் பார்க்காமலே போகப்போகிறேன் என்று நினைத்ததுதான் கடைசி.

கண் விழித்தபோது பெஞ்சில் படுத்திருந்தேன். ஊசிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். முன்னால் சாய்ந்த என்னைக் கணவர்தான் பாய்ந்து பிடித்தாராம். கீழே விழுந்திருந்தால் ஊசி வளைந்து ஆழமாக இறங்கியிருக்கும் என்றார் டாக்டரம்மா. வெறும் வயிற்றோடு ஊசி குத்திக்கொண்டால் சிலருக்கு மயக்கம் வரும், அதற்காகத்தான் கேட்டேன் என்றார். உடனே என் கணவர், "நேத்து ராத்திரி சாப்பிட்டதுதாங்க" என்று போட்டுக்கொடுத்தார்.

"சாப்பிடலைன்னு சொன்னா, இருக்குற சோலியப் போட்டுட்டு எனக்கு டீ வாங்க அலைவீங்க. எதுக்குச் சிரமம்னுதாங்க சொல்லல" என்றேன். அதைச் சொல்லும்போது, டாக்டரம்மா ஓடிப்போய் வாங்கிவந்த டீயும் பன்னும் என் கையில் இருந்தன.

டாக்டரம்மாவுக்கு என்ன தோன்றியதோ, வெளியே காத்திருந்தவர்களிடம் போய், உண்மையில் யாரெல்லாம் சாப்பிட்டீர்கள் என்று கண்டிப்பாகக் கேட்டார். வந்ததும் ஆச்சு ஆச்சு என்று தலையாட்டியிருந்தவர்களில் பாதிப் பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து டீக்கடைப் பக்கம் நடந்தார்கள்.

அடுத்த தடவை ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, படுத்துக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டேன். ஊரில் யார் கேட்டாலும் இன்றும் ஆச்சு என்றுதான் வாய் சொல்கிறது. ஆனால் கேட்கிறவர் கையில் ஊசி இருந்தால், பசிக்கிறது என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமே இல்லை.