கிழக்கு பார்க்காத கல்லறை

என் மனைவியை எழுப்புவது லேசான காரியம் இல்லை. இடி இடித்தாலும் புரண்டுகூடப் படுக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்து ஓய்ந்து, அக்கம்பக்கத்தார் வேதபுத்தகத்தோடு தெருவில் இறங்கிய பிறகும் உள்ளே குறட்டை கேட்கும். கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை. கால்மாட்டில் உட்கார்ந்து கால் பெருவிரலைப் பிடித்து ஆட்ட வேண்டும். அப்போதுதான் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "எந்திரிச்சிட்டேன், போங்க" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அது என் வேலையாக இருந்தது.

ஐப்பசி மழையில், ஊரில் காலரா பரவிய வருஷம் அவள் போய்விட்டாள். நானும் அதே நோயில் மிஷன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். எனக்கு நினைவு திரும்பியபோது அவளை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மேலமாசி வீதிக்குப் பின்னாலிருந்த வாடகை வீட்டுக்குத் தனியாகத் திரும்பினேன். பூட்டைத் திறந்ததும் வழக்கம்போல உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் புத்தி வந்தது.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாட வாத்தியார். தீர்க்கதரிசனங்களை நடத்துவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. யுத்தம் மும்முரமாக இருந்த அந்த நாட்களில் எங்கள் கோயில் வளாகத்துக்கு ஒரு பிரசங்கியார் வந்தார். பெரிய சீலையில் வேதத்தில் வருகிற பத்துக் கொம்பு மிருகத்தை வரைந்து மாட்டி, இந்தக் கொம்பு ஜெர்மனிக்காரன், அந்தக் கொம்பு ஜப்பான்காரன் என்று கம்பால் தட்டித் தட்டிக் காட்டினார். போன யுத்தத்தில் இதே கொம்புகளுக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். முன்பென்றால் இதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். வீட்டுக்குப் போய் அவளிடமும் சொல்லியிருப்பேன்.

இந்த முறை கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ராஜ்யங்கள் எழுந்தாலும் விழுந்தாலும் எனக்கு என்ன? கர்த்தர் வருகிற நாளில் அவள் எழுந்திருப்பாளா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தச் சீலையில் அவளைப் பற்றி எதுவும் இல்லை. 'வருவேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வெறும் வீட்டில் தனியாகச் சாப்பிடுகிறவனுக்குத் தீர்க்கதரிசனம் அவ்வளவுதான். நான் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரையும் மேற்கே தலையும் கிழக்கே காலுமாகத்தான் வைப்பார்கள். கர்த்தர் மின்னலைப் போலக் கிழக்கிலிருந்து வருவார். எழுந்திருக்கிறவர்கள் அவரைப் பார்த்தபடி எழுந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பெரியவர்களின் வழக்கம்.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் கல் நாட்ட ஏற்பாடு செய்தேன். பரவையிலிருந்து அவள் தம்பி வந்திருந்தான். கொத்தனார் மேற்குப் பக்கம் குழி தோண்ட ஆரம்பித்ததும் அவன் என் கையைப் பிடித்தான்.

"மச்சான், கல்ல அங்கிட்டு வைக்காதீக. அது அக்காவுக்குத் தலமாடு இல்ல, கால்மாடு."

"என்னடா உளர்ற?"

"அன்னைக்கு அம்புட்டு மழை. முன்வாசல் பூராத் தண்ணி. பின்பக்கமாச் சுத்திப் பெட்டியத் தூக்கிட்டு வந்தோம். இருட்டிக்கிட்டு வந்துச்சு, அப்படியே எறக்கிட்டோம். மண்ணு தள்ளுனப்புறந்தான் எனக்கே ஒறைச்சுது. உங்ககிட்ட எப்படிச் சொல்ல?"

அவன் அழுதான். நான் கண்டபடி திட்டினேன். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. அவனும் அக்காவைப் பறிகொடுத்தவன்தானே. கல்லைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. தோட்டம் முழுக்க எல்லாரும் எழுந்து கிழக்கே கைநீட்டி ஆர்ப்பரிக்கிறார்கள். இவள் மட்டும் அரைத்தூக்கத்தில் மேற்கு மதிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தன்னை விட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடுவாளே! இதே காட்சிதான் கண் முன்னால் நின்றது. போதகரிடம் போய், பெட்டியை எடுத்துத் திருப்பி வைக்க வேண்டும் என்றேன்.

"வாத்தியாரே, பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிற நீங்களா இதைக் கேக்குறது? அவருக்குத் திசை ஒரு பொருட்டா?"

"அவருக்கு இல்லை ஐயா. அவளுக்கு."

நல்ல மனிதர், சபைக் கமிட்டியில் எனக்காகப் பேசினார். காலராவில் போனவர்களின் குழியைத் திறக்கக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

என் அடுத்த வீட்டுக்காரர் ஒரு முஸ்லிம் தையல்காரர். என் முகத்தைப் பார்த்து அவரே விசாரித்தார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தெச இல்லாம எப்படி சார்? நாங்களும் மையத்த வைக்கிறப்ப முகத்த மக்கா இருக்குற கிப்லாப் பக்கமாத் திருப்பித்தான் வைப்போம்" என்றவர், மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "மேக்கயா பாத்திருக்காக? அப்ப தங்கச்சி எங்க பக்கமா வந்திருச்சு."

அவள் போனதற்குப் பிறகு அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன். பாய் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவள் என்ன பார்க்கிறாள் என்று நானும் பார்க்கலாமே என்று அவள் குழிக்குப் பக்கத்தில் மேற்கே திரும்பி நின்றேன். எதிரே மதிலோரம் ஒரு வேப்பமரம். மரத்துக்கும் அவள் கால்மாட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நீளத்துக்கு வெறும் தரை. வெகுநேரம் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நேரே போதகர் வீட்டுக்கு நடந்தேன்.

"அந்த இடத்தை எனக்கு ஒதுக்கி வையுங்கள் ஐயா."

"பூரா வேரா இருக்கும், யாரும் கேக்காத இடம். சரி, உங்களை எப்படி வைக்கணும்?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"எல்லாரையும் போலத்தான். தலை மேற்கே, கால் கிழக்கே."

அவர் மேஜைமேல் விரலால் இரண்டு கோடு போட்டுப் பார்த்தார்; இரண்டும் கால்மாட்டில் சந்தித்தன. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, எழுதி வைப்பதாகச் சொன்னார்.

கல்லைக் கிழக்குப் பக்கம், அவளுடைய தலைமாட்டில் நாட்டினேன். தோட்டத்தில் அது ஒன்றுதான் திரும்பி நிற்கிறது; பார்க்கிறவர்கள் கொத்தனாரின் தவறு என்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

அந்த நாளில் எக்காளம் தொனிக்கும் என்று மனதார நம்புகிறேன். ஆனால் எக்காளத்துக்கெல்லாம் எழுந்திருக்கிறவள் இல்லை அவள். எல்லாரும் கிழக்கே பார்க்கட்டும். நான் முதலில் குனிந்து அந்தப் பெருவிரலைப் பிடித்து ஆட்டுவேன். ஒரு கண்ணைத் திறந்து, "எந்திரிச்சிட்டேன், போங்க" என்பாள். போகமாட்டேன். அவள் எழுந்து திரும்பிப் பார்க்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.