“இந்தி தெரியும்னு காட்டிக்காதே, கண்ணு”

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தேன். வடக்கிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்திருந்த சமயம் அது. டிப்ளமா முடித்த கையோடு சூப்பர்வைசர் வேலை கேட்டு சுனிதா வந்தாள். அப்பா பீகார், அம்மா தென்காசி. வளர்ந்ததெல்லாம் திருப்பூர்.

“இந்தி தெரியும்னு காட்டிக்காதே, கண்ணு. வடக்கத்திப் புள்ளைன்னு ஒதுக்கிருவாங்க. அப்புறம் மேலே வர முடியாது” என்றேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், அயர்னிங் செக்‌ஷனில் இருந்த பீகார்க்காரர் ராம்பிரசாத் வேலையை நிறுத்திவிட்டு வந்து, என்னிடம் இந்தியில் ஏதோ கெஞ்சினார். ஷிப்மென்ட் அவசரம். லீவு கேட்கிறார் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டு, “போய் வேலையைப் பாருப்பா” என்று விரட்டினேன். பக்கத்தில் நின்ற சுனிதா வாயைத் திறக்கப் போனாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பத்து நிமிஷத்தில் அலறல் கேட்டது. கரண்ட் அவரைத் தூக்கி வீசியிருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சுனிதா சொன்னாள்: “அயர்ன் பாக்ஸ்ல ஷாக் அடிக்குதுன்னுதானுங்க சார் சொன்னாரு.”

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லலை?” என்று கத்தினேன்.

“நீங்கதானுங்க சார் காட்டிக்க வேண்டாம்னீங்க.”

இப்போது யார் வேலை கேட்டு வந்தாலும், என்னென்ன பாஷை தெரியும் என்றுதான் முதலில் கேட்கிறேன். ராம்பிரசாத் தமிழ் பழகிவிட்டார். தினமும் அந்தக் கையைத் தூக்கி, “வணக்கமுங்க சார்” என்கிறார். நான் தமிழில் சொன்னாலே அவருக்குப் புரியும். இருந்தும், மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.