சிவப்புப் பாலிஷ்

தீபாவளிக்காக இரத்தோட்டையில் அம்மா அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் சிவப்புத் தரைப் பாலிஷ் வாசம். அப்பாவின் முழங்கையில் காயம்.

"கதவு இடிச்சிருச்சும்மா."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். அந்தக் கதை என்னிடம் எடுபடாது.

சின்ன வயதில், ஒவ்வொரு தீபாவளிக்கும் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டின் சீமெந்துத் தரையில் அம்மா இதே பாலிஷைப் பூசி, தேங்காய் மட்டையால் முகம் தெரியும்வரை தேய்ப்பார். அப்போதெல்லாம் தாத்தாவுக்குக் காயம் வரும்.

"ஆடு முட்டிருச்சு" என்பார். எங்கள் ஆட்டுக்குக் கொம்பே கிடையாது. சந்தேகப்பட்டு ஒளிந்திருந்து பார்த்தேன். வழுக்கி விழுந்தவர், யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்தார். என்னைக் கண்டுவிட்டார்.

"சொல்லிறாத பாப்பா. மூலையில ஒக்கார வச்சிருவாங்க."

உடனே போய்ச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. அடுத்த தீபாவளிக்கு விழுந்து தாத்தாவின் இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு அவர் நடக்கவேயில்லை.

இப்போது அம்மாவின் கையிலிருந்த பாலிஷ் டின்னைப் பிடுங்கினேன்.

"தர மினுங்கலன்னா வர்றவங்க என்னா நெனப்பாங்க?"

"அப்பா எந்திரிச்சு வந்து வாங்கன்னு கூப்பிடுறத பாப்பாங்கம்மா."